புதன் மதியத்துக்கு ஒரு மாற்று ஆள்

1

என் மைத்துனருக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மதிய உணவு முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அதே துணியால் கணினித் திரையையும் துடைப்பார். பிறகு அடுத்த வாரத்துக்கான மனிதர்களை நிரப்பத் தொடங்குவார்.

மனிதர்களை நிரப்புவது என்று நான் சொல்வது மிகையன்று. தொழிற்சாலைகளுக்கு மின்பேனல் செய்து பொருத்தித் தரும் ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை. பேனல் என்றால் ஆளுயர இரும்பு அலமாரி. உள்ளே துணிமணிக்குப் பதிலாக வயர்கள் இருக்கும். அவருடைய திரையின் இடப்பக்கத்தில் பணியாளர்கள் ஒருவர்கீழ் ஒருவராக நிற்பார்கள். மேலே நாள்களும் மணிகளும் ஓடும். ஒருவர் வேலைக்குக் கிடைக்கும் நேரம் பச்சைக் கட்டம், கிடைக்காத நேரம் சாம்பல் கட்டம். பச்சைகளை மட்டும் பொறுக்கியெடுத்து, எந்த வேலை எந்த நாளில் முடியும் என்று கணினி சொல்லிவிடும். பட்டறையில் அவருக்குப் பெயரே ‘கட்டம் சார்’ என்பதுதான்.

இந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லித் தன் தம்பியை என் மனைவி அழைத்தால், “எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்க்கா?” என்று கேட்பார்.

“சாப்பாடு தீர்ற வரைக்கும்டா” என்பாள் அவள்.

இந்தக் கதை அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் எனக்குக் கிடைத்தது. இதில் அவர் சொன்னது ஒரு பாதி, நான் இட்டுக்கட்டியது ஒரு பாதி, அவர் சொல்லாமல் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கியது இன்னொரு பாதி. (மூன்று பாதிகள் எப்படி என்று கேட்காதீர்கள். நான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது மொழிப் பாடம், கணக்கு அன்று.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒரு காட்டில் விலங்குகளும் பறவைகளும் கூடி ஆற்றின் குறுக்கே அணை கட்டத் தீர்மானித்தன. யார் எப்போது வேலைக்கு வருவது என்று குறித்து வைக்கும் பொறுப்பு குரங்கிடம் வந்தது. குரங்கு ஓர் அகன்ற இலையை எடுத்து நடுவில் கோடு கிழித்தது. ஒரு பக்கம் பகல், மறுபக்கம் இரவு. கிளி பகல் பக்கம் போயிற்று. அதன் கணவனாகிய ஆந்தை இரவுப் பக்கம் போயிற்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது அந்தி நேரத்தில் மட்டும். அந்தியை எந்தப் பக்கம் எழுதுவது என்று குரங்குக்கு விளங்கவில்லை. ஆகவே அது அந்தியை

[இந்த இடத்தில் என் மனைவி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.]

“ஆந்தைக்கும் கிளிக்கும் எப்படிங்க கல்யாணம் ஆச்சு?”

“கதைதானே.”

“கதைன்னாலும் பொண்ணு வீட்டுல ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்களா? காலம் பூரா பசங்களை நரி, காக்கான்னு சொல்லி ஏமாத்தினது போதும். மனுஷங்களை வெச்சு எழுதுங்க.”

வாக்கியம் அந்தரத்தில் நின்றுவிட்டது. அப்படியே விட்டிருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம் கட்டுரை நடையில் அமைந்தது: ‘ஒரு மனிதனின் நேரம் யாருடையது என்ற வினா, உழைப்பு என்ற ஒன்று தோன்றிய நாள் முதலாகவே சிந்தனையாளர்களை…’ இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. எழுதுகிறவனுக்கு வருகிற கொட்டாவி வாசகரிடம் போய்ச் சேரும்போது உறக்கமாகிவிடும். அதையும் விட்டுவிட்டேன்.

ஆகவே மனிதரை வைத்தே தொடங்குகிறேன்.

3

அவரைப் பட்டறையில் எல்லோரும் டெஸ்டரம்மா என்று அழைப்பார்கள். பேனல்களுக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன். மின்சாரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் டெஸ்டரை எந்நேரமும் கொண்டையில் செருகியிருப்பார்.

(கொண்டை என் கற்பனை. நான் அவரைப் பார்த்ததில்லை. டெஸ்டர் சட்டைப்பையில் இருக்கும் என்றுதான் மைத்துனர் சொன்னார். சட்டைப்பையில் டெஸ்டர் எல்லோரும் வைத்திருப்பார்கள், அதற்காக யாரும் பட்டப்பெயர் வைக்க மாட்டார்கள். எனவே கொண்டை இருக்கட்டும்.)

டெஸ்டரம்மாவுக்குப் புதன்கிழமை மதியம் வேலை கிடையாது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவருடைய வரிசையில் அந்த அரை நாள் சாம்பல் நிறம். அந்த அரை நாள் அவருக்கு என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முக்கியமான பொருளை மடியில் ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் வித்தை எனக்குப் பிடிப்பதில்லை.

அவர் கணவர் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி நர்ஸ். காலையில் கணவர் வீடு திரும்புவதற்குள் இவர் கிளம்பியிருப்பார். மாலையில் இவர் திரும்பிச் சற்று நேரத்தில் கணவர் கிளம்பிவிடுவார். அந்தச் சற்று நேரத்திலும் மகளின் வீட்டுப்பாடம், சமையல், காணாமற்போன ஒற்றைக் காலுறை. மற்ற ஓய்வு நாள்களில் உறவுக்காரர்கள் வருவார்கள், அல்லது இவர்கள் போவார்கள். கணவரும் புதன்கிழமை மட்டும் காலையிலேயே தூங்கி மதியத்துக்குள் எழுந்துவிடுவார். எனவே புதன் மதியம், மகள் பள்ளியிலிருந்து வரும்வரை, விழித்திருக்கும் இரண்டு பெரியவர்கள் அந்த வீட்டில் தனியாக இருப்பார்கள். சூடு ஆறாத சாப்பாட்டை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சண்டையும் போடுவார்கள். சண்டை போடுவதற்கும் நேரம் வேண்டுமல்லவா?

அப்படி ஒரு புதன் மதியம் கணவர் ஒரு செய்தி சொன்னார். வேறு ஊரில் பெரிய மருத்துவமனை, பகல் பணி, உயர்ந்த பொறுப்பு. வா என்கிறார்கள், மாதக் கடைசி வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். “அப்போ என் வேலை?” என்று இவர் கேட்டார். “எத்தனை நாளைக்கு இப்படி வாசல்லயே பார்த்துக்கிட்டுப் போறது?” என்று அவர் கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகள். நியாயம் இருபுறமும் இருக்கும் சண்டை சுலபத்தில் முடிவதில்லை. இரு குரல்களும் உயர்ந்த நேரத்தில் மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள்.

“மிச்சத்தை அடுத்த புதன் பேசிக்கலாம்” என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த புதன் வரவில்லை.

4

புதன் வராமற்போனது எப்படி என்றால், என் மைத்துனர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை திரையில் ஒரு சிவப்புக் கோடு. ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்குச் செய்துகொண்டிருந்த பேனல்கள் குறித்த நாளில் முடியாது என்றது கணினி. மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

“நல்லாப் பாருங்க. எங்கேயாவது கொஞ்சம் நேரம் ஒளிஞ்சிட்டிருக்கும்.”

மைத்துனர் வரிசை வரிசையாகப் பார்த்தார். டெஸ்டரம்மாவின் வரிசையில், நாற்புறமும் பச்சை சூழ, ஒரு சாம்பல் திட்டு. ஏன் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. சற்று யோசித்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருக்கென்று வேலை நேரங்களை ஒவ்வொன்றாக நிரப்புவது சலிப்பான காரியம். அதனால், விலகிப்போனவருடைய வரிசையை அப்படியே நகலெடுத்து, மேலே பெயரை மட்டும் மாற்றிவிடுவது அவர் வழக்கம். டெஸ்டரம்மாவுக்கு முன்னால் ஓர் எலக்ட்ரீஷியன் இருந்து ஓய்வுபெற்றார். அவருடைய புதன் மதியம் பெயர் மாறி இவருக்கு வந்துவிட்டது. பெரியவர் போன பிறகும் அவருடைய செருப்பு வாசலில் கிடந்த மாதிரி.

சாம்பல் பச்சையாயிற்று. சிவப்புக் கோடு மறைந்தது.

“அட, அரை நாளைக் கண்டுபிடிச்சுட்டீங்களே!” என்று மேலாளர் தோளில் தட்டினார். அந்தத் தட்டல் என் மைத்துனருக்குத் திங்கட்கிழமை வரை தாங்கியது.

திங்கட்கிழமை டெஸ்டரம்மா போனைக் கையில் பிடித்தபடி வந்தார். பட்டறையில் எல்லோரும் இருந்தார்கள்.

“சார், புதன்கிழமை மதியம் எனக்குப் பச்சை காட்டுது.”

“ஆமா, பச்சைதான்.”

“எப்பவும் சாம்பல்தானே சார்?”

“அது தப்பும்மா. உங்களுக்கு முன்னாடி இருந்தவரோட நேரம் அப்படியே உங்களுக்கு விழுந்திருச்சு. இப்ப சரி பண்ணியாச்சு.”

“அதை நம்பித்தான் சார் வீட்டுல…”

“இத்தனை வருஷம் சும்மா வீட்டுக்குப் போயிருக்கீங்க. அதைத் திருப்பிக் கேக்கலையேன்னு சந்தோஷப்படுங்கம்மா.”

ஃபிட்டர் ஒருவர் சிரித்தார். ஒருவர் சிரித்தால் பட்டறையில் நாலு பேர் சிரிப்பார்கள்.

இந்த இடத்தில் டெஸ்டரம்மா சொல்வதற்காக நான் சில விடைகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) “சும்மா போறதுக்கு நான் என்ன உங்க சொந்தக்காரியா?” — கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் இது என் மனைவியின் வாய். அவளிடமிருந்து பிடுங்கி இன்னொருவருக்கு மாட்டினால் தெரிந்துவிடும்.

(ஆ) உழைப்பின் மாண்பு பற்றி ஒரு பத்தி. எழுதி முடித்துப் படித்தபோது பள்ளி ஆண்டு விழாவில் நிற்பதுபோல் இருந்தது.

(இ) கண்ணீர். வேண்டாம்.

உண்மையில் அவர் சொன்னது, “சரிங்க சார்.” அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பேனலுக்குத் திரும்பிப் போய்விட்டார். மேடை போட்டு, விளக்கேற்றி, பேச அழைத்தால் இரண்டு சொல்லோடு இறங்கிப் போகும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு எழுத்தாளன் என்ன செய்வது? அன்று எனக்கு அவர்மேல் சற்றே வருத்தம். பிறகுதான் தோன்றியது: சும்மா அனுபவித்தாய் என்று நாலு பேர் முன்னால் சொல்லப்பட்ட ஒருவர், அதற்குமேல் வீட்டுச் சங்கதியை அந்த நாலு பேர் முன்னால் எப்படி எடுத்துப் பேசுவார்?

5

புதன்கள் பச்சையாகவே போய்க்கொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அரை நாளைக் கண்டெடுத்த கதையை முதல் கவளத்தோடு தொடங்கினார். மேலாளர் தட்டிய தோளை எங்களுக்குக் காட்டினார் என்றுகூடச் சொல்வேன். (காட்டவில்லை. ஆனால் காட்டியிருப்பார்.)

என் மனைவி பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பொண்ணு காலையில எத்தனை மணிக்குடா வருது?”

“எட்டு மணிக்குத்தான். எல்லாருக்கும் எட்டுதான்க்கா.”

“எல்லாரையும் யார் கேட்டா? அவ எத்தனை மணிக்கு வர்றா?”

மைத்துனர் திரையைப் பார்ப்பதுபோல் தட்டைப் பார்த்தார்.

“ஏழு” என்றார். “எலக்ட்ரீஷியன் முன்னாடியே வந்து மெயின் லைன் எல்லாம் பார்த்து வெப்பாங்க. அது பழைய ஆள் காலத்துலேர்ந்தே அப்படித்தான். அவரோட வரிசையில…”

“தினமுமா?”

“புதன் மட்டும் எட்டு.”

“அப்போ மத்த நாலு நாளும் ஒரு மணி நேரம் முன்னாடி வர்றா. நாலு மணி நேரம். புதன் மதியம் ஒரு மணியிலேர்ந்து அஞ்சு வரைக்கும் எத்தனை மணி நேரம்டா?”

மைத்துனர் சோற்றில் விரலால் நாலு கோடு கிழித்தார். கை தட்டிலேயே இருந்தது.

“சாம்பலை அழிச்சியே, காலையில இருக்கிற பச்சையை அழிச்சியா?”

“…இல்லக்கா.”

“அப்போ இந்த மூணு வாரமா அவ ஏழு மணிக்கும் வர்றா, புதன் மதியமும் இருக்கா. யாருடா சும்மா அனுபவிக்கிறது?”

இந்தக் கதையில் நான் திருத்தமே செய்யாத பகுதி இதுதான். திருத்தினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம் என்று கையை மறித்தார் மைத்துனர். கழுவிய கையைத் துடைக்காமலே பால்கனிக்குப் போய், ஓய்வுபெற்ற பழைய எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார். அந்தப் பெரியவருக்குக் காது மந்தம் என்பதால் இரு பக்கமும் உரக்கப் பேசினார்கள். நான் ஒட்டுக் கேட்டேன் என்று சொல்ல முடியாது.

“புதன் மதியமா? நான் கேக்கலையே. எனக்கு முன்னாடி இருந்தவருக்கு இருந்துச்சு, எனக்கும் இருந்துச்சு.”

“அவருக்கு எதுக்கு இருந்துச்சு?”

“அதை அவரைத்தான் கேக்கணும். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு.”

“நீங்க என்ன பண்ணுவீங்க அப்போ?”

“தூங்குவேன். மத்த நாளெல்லாம் ஏழு மணிக்கு வரச் சொன்னா மனுஷன் எப்பத்தான் தூங்குறது?”

“இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“நல்லாருக்கே! சொன்னா நீங்க சரி பண்ணிடுவீங்களே!”

போன் வைக்கப்பட்ட பிறகு நான் வெகுநேரம் அந்த முதல் மனிதரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் யாரிடமோ பேசி முடித்திருக்கிறார்: நான்கு நாள் முன்னதாக வருகிறேன், புதன் மதியம் விட்டுவிடுங்கள். ஏன் கேட்டார்? [அவருக்கு ஆற்றில் மீன் பிடிக்கும் பழக்கம் இருந்திருக்கலாம், புதன்கிழமைகளில் ஆற்றங்கரையில்…] [அவருடைய தாயாருக்குக் கண் பார்வை மங்கி…] [ஓர் இசைக் கருவியை யாருக்கும் தெரியாமல்…] மூன்றையும் தொடங்கினேன், மூன்றையும் கைவிட்டேன். காரணம் அவரோடு போய்விட்டது. கொடுத்ததும் வாங்கியதும் மட்டும் ஆள் மாறி ஆள் மாறி, ஒரு நிமிடமும் பிசகாமல் வந்துகொண்டே இருந்திருக்கிறது, வாங்கியதை மட்டும் பார்த்த ஒருவர் அதைச் சரி செய்யும்வரை.

6

இங்கிருந்து கதையை எப்படியும் கொண்டுபோகலாம். எனக்குத் தோன்றிய வழிகளைச் சொல்கிறேன்.

மேலாளர் மனம் உருகி, கண்ணாடியைக் கழற்றி, “இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே!” என்று கலங்குகிறார். எழுதினேன். பிறகு என் மைத்துனரிடம் காட்டினேன். அவர் அன்று முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தாராம்.

டெஸ்டரம்மா வேலையை விட்டுவிடுகிறார். பேனல்கள் ஊமையாக நிற்கின்றன. பிஸ்கட் தொழிற்சாலை இருண்டு கிடக்கிறது. எல்லோரும் அவர் வீட்டு வாசலில். எழுதுகிறபோது இனித்தது, மறுநாள் படித்தபோது புளித்துவிட்டது. பிஸ்கட் தொழிற்சாலைக்காரர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்?

நடந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை மைத்துனர் மேலாளரிடம் போனார்.

“சார், நான் கண்டுபிடிச்சது அரை நாள் இல்லை. அந்தம்மா ஏற்கெனவே குடுத்துட்ட அரை நாள்.”

மேலாளர் கேட்டார், புரிந்துகொண்டார், தலையையும் ஆட்டினார். “நியாயம்தான். பேனலை ஒப்படைச்சதும் பழையபடி மாத்திடுவோம். தேதி குடுத்தாச்சு, இப்ப ஆளைக் குறைக்க முடியாது. குறைச்சா மாற்று ஆள் போடணும். மாற்று ஆள் யார் இருக்கா?”

ஒப்படைப்புக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. கணவர் பதில் சொல்ல வேண்டிய வியாழக்கிழமையோ அந்த வாரத்திலேயே. இது மைத்துனருக்கு அப்போது தெரியாது. உங்களுக்குத் தெரியும். இப்படி வாசகருக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாத நிலையில் ஒரு கதைசொல்லிக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி அற்பமானது. நான் அதை அனுபவிக்கிறேன்.

மாற்று ஆள் யார் இருக்கிறார் என்று மைத்துனர் திரையில் தேடினார். எல்லோரும் பச்சையாக, எல்லாப் பச்சையும் நிரம்பி இருந்தார்கள். புதன் மதியம் டெஸ்டரம்மாவுக்கு ஒதுக்கியிருந்த வேலை, ஒவ்வொரு வயரின் நுனியிலும் எண் பொறித்த ஒரு சிறு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டுவது. மின்சாரம் இல்லாத பேனலில் செய்வது. பொறுமை இருந்தால் போதும். பொறுமையுள்ள ஆள் வேண்டும். யோசித்தவர், தேடும் இடத்தில் தம் பெயரையே தட்டினார்.

அந்தப் பெயரில் பணியாளர் யாரும் இல்லை என்றது கணினி.

(ஒரு குறிப்பு: இது அவரைப் பெரிதும் தாக்கியது என்று எழுத எனக்கு ஆசை. தாக்கவில்லை. எல்லோரையும் நிரப்புகிறவர் தம்மை நிரப்ப மறப்பது இயல்புதானே என்றார். ஆனால் இதைச் சொல்லும்போது இரண்டாம் முறையாகக் கண்ணாடியைத் துடைத்தார்.)

தம்மையும் ஒரு பணியாளராகச் சேர்த்தார். வேலை நேரத்தை நிரப்பப் பழக்கத்தில் வேறொருவருடைய வரிசையை நகலெடுக்கப் போயிற்று கை. இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு கட்டமாகத் தாமே நிரப்பினார். டெஸ்டரம்மாவின் வரிசையில் ஒப்படைப்பு நாள் வரையிலான எல்லாப் புதன் மதியங்களையும் சாம்பலாக்கி, மாற்று ஆள் என்ற இடத்தில் தம்மைப் போட்டார். காரணம் கேட்டது கணினி. முன்பெல்லாம் அந்த இடத்தை வெறுமனே தாண்டிப் போவார். இம்முறை எழுதினார்: ‘இது அவர் ஏற்கெனவே உழைத்துக் கொடுத்த நேரம்.’

7

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ஏழு மணிக்கே பட்டறைக்குப் போனார். டெஸ்டரம்மா தனியாக இருந்தார். சொல்ல வந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டு மணி ஆகி, ஃபிட்டர் வந்து, அன்று சிரித்தவர்கள் எல்லோரும் வந்து சேரும்வரை ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கதையில் இந்த ஒரு மணி நேரத்தை நான் சுருக்கிவிட்டேன். அவரால் சுருக்க முடியவில்லை.

“அன்னிக்கு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதனால இதையும் எல்லார் முன்னாடியும் சொல்றேன்” என்று எழுந்தார். “நீங்க சும்மா வீட்டுக்குப் போகலைம்மா. நாலு நாள் ஏழு மணிக்கு வந்து அதை முன்கூட்டியே குடுத்துட்டுத்தான் போனீங்க. பார்க்காம பேசினது என் தப்பு. மன்னிச்சுக்குங்க.”

டெஸ்டரம்மா கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார்.

“எனக்கே அது தோணலை சார். எலக்ட்ரீஷியன்னா ஏழு மணின்னு நினைச்சுட்டேன்.”

“நாளைக்கு மதியம் நீங்க கிளம்புங்க. அதுக்கப்புறம் வர்ற புதனும்.”

“போனா இந்த வளையமெல்லாம் யார் சார் மாட்டுறது?”

“மாற்று ஆள் போட்டிருக்கேன்.”

“யாரு?”

“நான்தான்.”

ஃபிட்டர் மறுபடியும் சிரித்தார். மறுபடியும் நாலு பேர் சிரித்தார்கள். இம்முறை டெஸ்டரம்மாவும்.

“உங்களுக்கு வயரைப் பத்தித் தெரியுமா சார்?”

“வயர் தெரியாது. எண் தெரியும்.”

“கட்டம் சார் கட்டத்தை விட்டு வெளியே வர்றாருய்யா. யாராவது ஹெல்மெட் குடுங்க” என்றார் ஃபிட்டர்.

சிரிப்பு அடங்கியதும் மைத்துனர் மட்டும் கேட்கும்படி டெஸ்டரம்மா சொன்னார்: “ரொம்ப நல்லது சார். மூணு வாரமா வீட்டுல ஒரு சண்டை பாதியில நிக்குது. போன்ல முடிக்க முடியலை. அவர் மெசேஜ் எழுதுறப்ப நான் தூங்குறேன், நான் எழுதுறப்ப அவர் வார்டுல இருக்காரு. வேற ஊர்ல வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருக்காங்க, வியாழக்கிழமை பதில் சொல்லியாகணும். சண்டை போடாமயே சரின்னு சொல்லிடுவாரோன்னு பயந்துட்டே இருந்தேன்.”

“வேற ஊரா?” என்று கேட்க வாயெடுத்தாராம் மைத்துனர். அந்தம்மா போய்விட்டால் அந்த வரிசையில் யாரைப் போடுவது என்ற கவலை அவருக்குள் எட்டிப் பார்த்ததாம். வாயை மூடிக்கொண்டாராம். அவர் பேசிய எல்லாவற்றையும்விட எனக்கு அவர் பேசாத இந்த ஒன்று பிடித்திருக்கிறது.

8

[அந்திக்கு இலையில் இடம் விட்டுவிட்டு, குரங்கு தானே போய் அணைக்குக் கல் சுமந்தது.]

இந்த ஒரு வரியை மட்டும் சேர்த்துக்கொள்ள மனைவியிடம் அனுமதி கேட்டேன். “அந்தக் கிளி கடைசியில பறந்துபோச்சா, இருந்துச்சா? அதை எழுதுங்க முதல்ல” என்றாள்.

அதைத்தான் எழுதப் போவதில்லை. புதன்கிழமை மதியம் டெஸ்டரம்மா கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கதவு திறந்தது, சாத்திக்கொண்டது. மேசையில் இரண்டு தட்டுகள். நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். உள்ளே போக எனக்குத் தடையில்லை. எழுதுகிறவனுக்குப் பூட்டிய கதவு கிடையாது. ஆயினும் இரண்டு பேர் அரும்பாடுபட்டுத் திரும்பப் பெற்ற மதியத்தில் மூன்றாவது ஆளாகப் போய் உட்கார எனக்குக் கூச்சம். அவர்கள் ஊர் மாறினார்களா, கணவர் மறுத்தாரா, இருவரும் சேர்ந்து வேறொரு வழி கண்டார்களா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எதை முடிவாக வைத்தாலும் எனக்குச் சம்மதம். அவசரப்படாமல் சண்டையை முழுவதுமாகப் போடவிடுங்கள், அது போதும். மைத்துனரைக் கேட்டால் எனக்கே தெரிந்துவிடும். கேட்கவில்லை.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது பட்டறையில் நடந்தது மட்டும். தலைக்குப் பெரிதான ஹெல்மெட் கண்வரை இறங்க, ஒரு கையில் வரைபடமும் மறு கையில் வளையங்களுமாக, என் மைத்துனர் பேனலுக்கு முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பாதி அலமாரி முடிந்த நிலையில் ஃபிட்டர் வந்து குனிந்து பார்த்தார்.

“சார், சில வளையத்தைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க. எது ஆறு, எது ஒன்பதுன்னு இனிமே எப்படிச் சொல்றது?”

“எது எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாது. டெஸ்டரம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.”

மைத்துனர் போனை எடுத்தார். ஹெல்மெட்டைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மகள் பள்ளியிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது.

“வேணாம்” என்று போனைப் பையில் வைத்தார். “இப்ப அவங்க கிடைக்க மாட்டாங்க.”

பிறகு, மாட்டிய வளையங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, வரைபடத்தை மடித்திருந்த இடத்திலிருந்து விரித்து, முதல் வயரிலிருந்து மறுபடி தொடங்கினார்.